பைச்செடியை டெங்கு மருந்தாக விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டாரவளைச் சந்தையில் கொஞ்சக் காலமாக, தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஒரு பச்சைச் செடி விற்கப்படுகிறது. நூல் நூலாக இருக்கும். வேரும் இல்லை, ஒழுங்கான இலையும் இல்லை. "டெங்குச் செடி, வாங்கிப் போய் வாசலில வைங்க, நுளம்பு பக்கத்திலயே வராது" என்று சொல்லி ஒரு பைக்கு 300 ரூபாய் வாங்குகிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பல லயங்களின் வாசலில் இப்போது இந்தச் செடி போட்ட வாளியோ பேசினோ இருக்கிறது. அநேகமாக எல்லாவற்றிலும் செடி அழுகிவிட்டது. தண்ணீர் மட்டும் நிற்கிறது, அதில் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. இதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

செடியில் குற்றமில்லை. அது யூட்ரிகுலேரியா என்ற நீர்த்தாவரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பைச்செடி என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். உண்மையாகவே சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும் செடிதான். ஆனால் ஒரு வீட்டை டெங்கிலிருந்து காப்பாற்றும் வேலையை அதன் தலையில் கட்டுவது, செடிக்கும் கேடு, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேடு.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்தச் செடியை வளர்ப்பது வேலையில் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். மகியங்கனைப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு நண்பர் வாய்க்காலைத் துப்புரவாக்கியபோது கரையில் இழுத்துப் போட்ட பாசிக் குவியலில் மஞ்சள் பூவோடு ஒன்று கிடந்தது. அதைப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தேன். யூட்ரிகுலேரியா ஆரியா என்பது அதன் பெயர், நம் நாட்டுத் தாழ்நிலக் குளங்களிலும் வயல்களிலும் இயற்கையாக வளர்வது. பிறகு அதைவிட மெல்லிய கிப்பா என்ற இனமும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் வீட்டுப் பின்பக்கத் திண்ணையில் அவை இருக்கின்றன.

இந்தச் செடி எப்படி இரை பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வளர்ப்பு முறையும் விளங்கும். அதன் நூல் போன்ற இழைகளில் மணி மணியாகப் பைகள் இருக்கும். பெரும்பாலானவை 2, 3 மில்லிமீற்றர்தான். பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிடும். மருந்துத் துளி விடும் குழாயின் ரப்பர் குமிழை அமுக்கிப் பிடித்தால் எப்படியோ, அப்படிப் பையின் இரண்டு பக்கமும் உள்வாங்கி நிற்கும். வாயில் ஒரு சின்னக் கதவு, கதவோரம் மெல்லிய மயிர்கள். நீர்த்தெள்ளு என்ற, தண்ணீரில் துள்ளித் திரியும் நுண்ணிய உயிர் ஒன்று அந்த மயிரில் உரசியதும் கதவு உள்பக்கம் மடிந்து, பை விரிந்து, தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். கதவு மூடிக்கொள்ளும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் அதிவேகக் கமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். இவ்வளவும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. பிறகு அந்தப் பை மறுபடி தண்ணீரை இறைத்துத் தயாராக கால் மணி, அரை மணி நேரம் எடுக்கும்.

சார்ள்ஸ் டார்வின் 1875இல் எழுதியபோது, பூச்சி தானே தலையால் முட்டிக் கதவைத் தள்ளி உள்ளே போகிறது என்றுதான் நினைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி, தன் வீட்டில் நுணுக்குக்காட்டியின் கீழ் இந்தப் பைகளைப் பொறுமையாகப் பார்த்து, இரை உள்ளே இழுக்கப்படுகிறது என்று கண்டார். டார்வினும் அவரும் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். வீட்டில் இருந்தபடி ஒரு பெண் பார்த்தது அவ்வளவு பெரிய அறிஞர் நினைத்ததைவிட உண்மைக்குக் கிட்ட இருந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி நுளம்பு விஷயம். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குடம்பி ஒரு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதைப் பை விழுங்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் குடம்பி சில நாட்களில் பையைவிடப் பெரிதாகிவிடும். அப்போது வால் மட்டும் மாட்டிக்கொள்ளும், அல்லது மாட்டாமலே போய்விடும். செடி செழிப்பாக, ஆயிரக்கணக்கான பைகளோடு இருந்தால் குடம்பிகள் குறையும், அது உண்மை. சந்தையிலிருந்து பொலித்தீன் பையில் கசங்கி வந்த ஒரு பிடிச் செடியில் நல்ல பைகள் எத்தனை மிஞ்சியிருக்கும்? பயத்தில் வாங்கிய வீட்டுக்காரர்கள் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை உரமும் போட்டிருக்கிறார்கள். சில நாட்களில் அது செத்துவிடும். "செடி பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் யாரும் தண்ணீரைக் கொட்டுவதில்லை. டெங்கைக் காவும் ஏடிஸ் நுளம்புக்கு வேறென்ன வேண்டும்?

2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவானது. அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ்ஷால் உரசிக் கழுவ வேண்டும். சிரட்டை, டயர், யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் தங்கும் எல்லாவற்றுக்கும் வாரம் ஒருமுறை இதுதான் மருந்து. வேறு செடி, கொடி எதுவும் இதற்குப் பதிலாகாது.

அப்படியானால் நான் மட்டும் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இதையேதான் கேட்டார். இளம் பிள்ளை, வேலையில் கண்டிப்பு. "ஐயா, 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இதுவும் தேங்கிய தண்ணீர்தான். கவிழ்க்கச் சொல்லத்தான் வேணும்" என்றார். நான் பேசினை இழுத்துக் கட்டியிருந்த நைலோன் வலையைக் காட்டினேன். வெள்ளைப் பீங்கான் கோப்பையால் தண்ணீரை அள்ளி அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார். நீர்த்தெள்ளுகள் துள்ளின, குடம்பி இல்லை. "வலை கிழிஞ்சிருந்தா அடுத்த முறை கவிழ்த்துட்டுத்தான் போவேன் ஐயா" என்றார். "கட்டாயம் செய்யுங்க தம்பி" என்றேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வலை கட்ட மனமில்லாதவர்கள் இந்தச் செடியைத் திறந்த வெளியில் வளர்க்கவே கூடாது. ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, வாயில் இறுக்கிக் கட்டிய வலைத்துணி, அது போதும்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செடிக்கு மண் இல்லை, தண்ணீர்தான் எல்லாம். பைச்செடி உயிர்களைப் பிடிப்பதே அது வாழும் தண்ணீரில் நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவாக இருப்பதால்தான். வேரில்லாத செடி, சத்தில்லாத தண்ணீர், அதனால் இரை. நாம் இரக்கப்பட்டு உரம் போட்டால் அது செடிக்குப் போகாது, பாசிக்குப் போகும். பாசி இழைகள் செடியைச் சுற்றிப் பின்னி, வெளிச்சத்தை மறைத்து, பைகளை அடைத்துக் கொன்றுவிடும். ஆக யூரியா வேண்டாம், தேயிலைக்குப் போடும் கலவை வேண்டாம், மாட்டுச் சாணம் கரைத்த தண்ணீரும் வேண்டாம். சவர்க்காரம் பட்ட வாளியைக்கூட நான் இதற்குத் தொடுவதில்லை.

மழைத் தண்ணீர் முதல் தரம். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். மலையில் நமக்கு இன்னொரு வசதி, பீலித் தண்ணீர். பாறைக்கு மேலே காட்டிலிருந்து வருகிற பீலி பெரும்பாலும் கல்சியம் குறைந்த மென்மையான தண்ணீர்தான். ஆனால் எல்லாப் பீலியும் ஒன்றல்ல. மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் உரம் கலந்திருக்கும். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திகளுக்குக் கீழே உள்ள ஓடைகளில் பச்சைப் பாசி படர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தண்ணீரில் கல்சியம் இருக்கிறதா என்று அறிய சாதாரண வழி, அதைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியைப் பார்ப்பது. வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீர் பைச்செடிக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரினும் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும், கல்சியம் போகாது.

தேயிலை வேலை செய்தவர்களுக்கு அமிலத்தன்மை புதிய விஷயமல்ல. தேயிலைக்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும். பைச்செடிக்குத் தண்ணீரும் கொஞ்சம் அப்படி இருந்தால் நல்லது, pH அளவில் 5இலிருந்து 6.5 வரை. அதற்காக எதையும் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. காய்ந்த கோரையை நறுக்கி, அலசி, பேசினின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் போடுங்கள். தண்ணீர் மெல்லிய தேநீர் நிறத்துக்கு வரும். அந்த நிறம் பாசியைக் கட்டுப்படுத்தும். கோரை மெதுவாக மக்கும்போது காபனீரொட்சைட்டு வெளிவரும். செக் நாட்டுத் தாவரவியலாளர் லுபோமிர் அடமெட்ஸ் பல வருடமாக நீர்வாழ் ஊனுண்ணித் தாவரங்களை ஆராய்ந்து சொல்லும் முக்கியமான விஷயம் இது: இரை எவ்வளவு இருந்தாலும் தண்ணீரில் கரைந்த காபனீரொட்சைட்டு போதாவிட்டால் இவை வளராது. வேரில்லாத, முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் செடிக்கு மூச்சுக்காற்றைப் போல அது. ஒரு சிறு சாடியில் உயிருள்ள கோரையையும் நட்டு அதே பேசினில் இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் தப்பித் தவறிச் சேரும் உரச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

பேசின் அகலமாக இருக்கட்டும், 20 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கட்டும். சின்னப் பாத்திரத்தில் வெப்பமும் தண்ணீரின் தன்மையும் சட்டென்று மாறிவிடும். காலை வெயில் நேராகப் படலாம், மத்தியான வெயிலுக்கு நிழல் வேண்டும். செடியை அப்படியே மிதக்க விடுங்கள். நடவோ புதைக்கவோ வேண்டாம்.

உணவுக்கு நீர்த்தெள்ளு போதும். குளத்துத் தண்ணீரை ஒரு கோப்பை கொண்டுவந்து விட்டாலே அது பெருகும், ஆனால் அதோடு நத்தை முட்டையும் பாசியும் வந்துவிடும் என்பதால் மெல்லிய துணியில் வடித்துப் பார்த்து, நீர்த்தெள்ளை மட்டும் எடுத்து விடுவது நல்லது. அவை தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியையும் தின்னும், தாமும் இரையாகும். இரை பிடித்த பைகள் கறுத்துத் தெரியும், வெறும் பைகள் கண்ணாடியாகத் தெரியும். கறுத்த பைகள் நிறைய இருந்தால் செடி பசியில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். மீன் வேண்டாம். தங்கமீன் செடியையே மேய்ந்துவிடும், கப்பி மீன் செடியின் இரையைத் தின்றுவிடும். இறைச்சித் துண்டு, சோறு என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீரை நாறவைக்கும், வேறு பலனில்லை.

ஊவாவில் இருப்பவர்கள் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கவனமாக இருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் காலம். எங்கள் தேயிலைக்கு அந்த மணம் வருவதே அந்தக் காய்ந்த காற்றால்தான், தொழிற்சாலையில் அந்த மாதங்களில் நாங்கள் தூங்க நேரமில்லாமல் வேலை செய்வோம். ஆனால் அதே காற்று பேசினை வற்றவைக்கும். தண்ணீர் ஆவியாகப் போகும், அதில் இருந்த உப்புகள் போகாது, செறிந்துகொண்டே வரும். ஆகவே குறைகிற அளவுக்கு மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அதற்காக ஏப்ரல் மழையிலேயே மூடியுள்ள பீப்பாயில் சேமித்துக்கொள்வது என் வழக்கம். ஒக்டோபரில் மழை வந்ததும் பாரம் குறைந்துவிடும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு கஷ்டம். ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் இடங்களில் தாழ்நிலத்திலிருந்து வந்த ஆரியா சுணங்கிப்போகும். நுனி சுருங்கி, பின்பக்கம் அழுகும். அங்கே ஜாடியை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைப்பதே நல்லது. கிப்பா குளிரைக் கொஞ்சம் தாங்கும். பொதுவாகவே இந்தச் செடி முன்னால் வளர்ந்துகொண்டு பின்னால் அழிந்துகொண்டு போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அழுகிய பகுதியைக் கிள்ளி எடுங்கள். விரல் நீளத்துக்குப் பச்சை நுனி இருந்தால் அதிலிருந்து முழுச் செடியும் வரும்.

சரியாக அமைந்துவிட்டால் பூக்கும். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் காம்பு எழும்பி மஞ்சள் பூக்கள் விரியும். ஸ்டெல்லாரிஸ் என்ற இனத்தில் காம்பைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மிதவைகள் இருக்கும், அதுவும் நம் நாட்டில் உண்டு. என் பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். கிப்பாவின் மரபணுத் தொகுதியை 2013இல் முழுதாகப் படித்துவிட்டார்கள் தாத்தா, நமக்கு 300 கோடி டி.என்.ஏ. எழுத்து என்றால் இதற்கு 8 கோடி சொச்சம்தான், ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கை நம்மைவிடக் கூட என்று அவள்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஜாடியை நான் பார்க்கும் பார்வையே வேறு.

எங்கிருந்து எடுப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சந்தையில் விற்பவர்களிடம் கேட்டால் "அங்க சதுப்பில இருந்து" என்கிறார்கள். வாய்க்கால் துப்புரவில் எறியப்படுவதை எடுப்பது ஒன்று. ஒரு சதுப்பை முழுதாக வாரி மூட்டை கட்டி விற்பது வேறு. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. சிங்கராஜக் காட்டுக் கெண்டித் தாவரத்துக்கும் அதே தடைதான், அது உலகத்தில் இலங்கைக்கு மட்டுமே உரியது. அவற்றையும் "பூச்சி தின்னும் செடி" என்று நாளைக்கு யாரும் கூறுகட்டி விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். பைச்செடியை ஒரு வீட்டில் வளர்த்தவர் நுனி கிள்ளி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் காசும் தேவையில்லை, சதுப்பும் பிழைக்கும்.

சிலர் வெளிநாட்டிலிருந்து ஆல்ட்ரோவாண்டா என்ற நீர்ச்சக்கரச் செடியைத் தபாலில் எடுக்க முயல்வதாகவும் கேள்விப்படுகிறேன். அதுவும் இரை பிடிக்கும் அருமையான செடிதான், அந்தப் பேரினத்தில் உலகில் எஞ்சியிருப்பது அது ஒன்றே, பல நாடுகளில் அழிந்துகொண்டிருக்கிறது. ஆனால் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் உயிருள்ள செடியைக் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியல் துறையினர் படிப்புக்காகக் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை இந்த நாட்டு வயல்களையும் குளங்களையும் என்ன செய்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். நம் கிப்பாவே நியூசிலாந்தில் தொல்லை தரும் களையாகிவிட்டது. எனவே அலுத்துப்போன செடியை காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களிலோ பக்கத்து ஓடையிலோ கொட்ட வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பசளைக் குழியில் போடுங்கள்.

அதிகாரிகளிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். ஹக்கல, பேராதனைப் பூங்காக்களில் நம் நாட்டுப் பைச்செடி இனங்களை வலை போட்ட தொட்டியில் பெருக்கி, கேட்கும் பாடசாலைகளுக்கு நுனிகளைக் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் புத்தகத்துப் படத்தை மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதாமல், ஒரு ஜாடியில் நேரே பார்க்கட்டும். அடுத்தது, சந்தைகளில் "டெங்குச் செடி" என்ற பெயரில் நடக்கும் விற்பனையைச் சுகாதாரப் பகுதியினர் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே அந்த வாளியைப் பாருங்கள். செடி பச்சையாக இருந்தால் வலை கட்டுங்கள். அழுகியிருந்தால் தண்ணீரைத் தரையில் கொட்டி, வாளியின் உட்பக்கத்தை உரசிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர்,
பண்டாரவளை.